விருந்தாளியாகப் போன வானியலாளர்

எண்ணூர் நெட்டுக்குப்பம் கரையில் ராத்திரி அண்ணாந்து பார்த்தால் அனல்மின் நிலைய விளக்கும் துறைமுக வெளிச்சமும்தான் முதலில் கண்ணில் படும். விண்மீன்கள் அப்புறம்தான். தொலைநோக்கிக்கு ஆகாத வானம் இது.

வானம் சரியில்லை என்றால் வானம் இருக்கிற இடத்துக்குப் போக வேண்டியதுதான். 1927-இல் சென்னையில் பிறந்த வைணு பாப்பு அப்படிப் போனவர். ஹார்வர்டில் முனைவர் பட்டம் முடித்தவருக்குக் கார்னகி உதவித்தொகை கிடைத்தது. கலிஃபோர்னியா மலைகளின் பெரிய தொலைநோக்கிகளில் வேலை செய்யலாம்! அங்கே வானியலாளர் ஓலின் வில்சனோடு சேர்ந்து ஒன்றைக் கண்டுபிடித்தார். குளிர்ந்த விண்மீன்களின் நிறமாலையில் கால்சியம் தருகிற ஒரு கோடு எவ்வளவு அகலமோ, அந்த விண்மீனின் உண்மையான பிரகாசமும் அவ்வளவு அதிகம். பிரகாசம் தெரிந்தால் தூரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். 1957-இல் வெளியான அந்தக் கண்டுபிடிப்புக்கு 'வில்சன்–பாப்பு விளைவு' என்றே பெயர்.

அங்கேயே தங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். திரும்பி வந்தார், ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தை உருவாக்கினார். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி இன்று அவர் பெயரில் இருக்கிறது.

இப்போது அமெரிக்கா வரை போக வேண்டாம். புனேயில் வானியற்பியலாளர் ஜெயந்த் நார்லிகர் தொடங்கிய ஐயூகா வானியல் மையம் கல்லூரி ஆசிரியர்களை வருகை ஆய்வாளர்களாகச் சேர்த்துக்கொள்கிறது. திருவொற்றியூர்ப் பக்கம் இயற்பியல் நடத்துகிறவரும் விண்ணப்பிக்கலாம். கல்லூரியில் லீவு வாங்குவது, அது தனிக் கதை.