காயம் ஆறும் நாட்கள்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



முன்கையில் நகத்தால் அழுத்தி ஒரு கோடு கீறிப் பாருங்கள். கோடு சிவக்கும், சுற்றிலும் சிவப்புப் படரும், பலமாகக் கீறினால் தடிக்கும். இலண்டன் வைத்தியர் சேர் தோமஸ் லூயிஸ் 1927இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். தோலின் நுண்ணிய குருதிக்குழாய்கள் விரிவதே அந்தச் சிவப்பு. காயம் பட்டால் அவை முதலில் சுருங்கும்; குருதி உறையும். பின்னர் விரிந்து வெண்குழியங்களைக் கொண்டுவரும். சில நாட்களில் புதிய மயிர்க்குழாய்கள் முளைக்கும். பொருக்கைக் கிள்ளினால் உடனே குருதி கசிவது அதனால்தான். இப்போது லேசர் ஒளியைச் செலுத்தி, வலியின்றியே இந்த ஓட்டத்தை அளக்கிறார்கள்.

ஆனால் காயம் எத்தனை நாளில் ஆறும் என்று அறிய யாராவது காயப்பட வேண்டுமே! அமெரிக்காவின் ஒஹையோ அரச பல்கலைக்கழகத்தில் அதற்கு 26 பெண்கள் தாமாக முன்வந்தார்கள். 13 பேர் மறதிநோயுற்ற உறவினரைப் பராமரிப்பவர்கள். மற்ற 13 பேர் அதே வயதும் வருமானமும் உள்ள, அந்தச் சுமை இல்லாதவர்கள். ஒவ்வொருவர் முன்கையிலும் 3.5 மில்லிமீற்றர் அளவில் சிறு காயம் செய்யப்பட்டது. ஐதரசன் பேரொட்சைட்டு இட்டால் நுரைக்காத நாளே ஆறிய நாள். சுமையில்லாதவர்களுக்கு ஏறத்தாழ 39 நாள். பராமரிப்பவர்களுக்கு ஏறத்தாழ 49 நாள். முடிவு 1995இல் வெளியானது.

13 பேர் சிறு தொகைதான். எனக்கு அதைவிட நம்பிக்கை தருவது 1998இல் வெளியான ஆய்வு. பல் வைத்திய மாணவர் 11 பேர் தம் மேலண்ணத்தில் விடுமுறையில் ஒரு காயமும், பரீட்சைக்கு மூன்று நாள் முன் இன்னொன்றும் ஏற்றார்கள். ஒவ்வொருவரும் தம்மோடு தாமே ஒப்பிடப்பட்டனர். பரீட்சைக் காலக் காயம் அனைவருக்கும் தாமதித்தது. சராசரியாக மூன்று நாள். (உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளின் தாய்மார் கவனிக்க!)

மனச்சுமை மிகும்போது சுரக்கும் கோட்டிசோல் காயத்திற்கு வரவேண்டிய காப்பை மந்தப்படுத்துகிறது. அதிரினலின் தோலின் குழாய்களைச் சுருக்குகிறது. எங்கள் தோட்டத்துப் புகையிலையில் உள்ள நிக்கொற்றினும் அப்படியே சுருக்கும். ஒட்சிசன் குறைந்த இடத்தில் புண் எப்படி ஆறும்?

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? அந்த 13 பேரைப் போன்றவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள். சகோதரர்கள் கனடாவில், அம்மாவுக்கு ஊரில் நீங்கள் ஒருவர்தான். அம்மாவின் குளிசை நேரம் தவறாது; உங்கள் காற்புண்ணுக்கு மட்டும் “நாளைக்குப் பார்ப்பம்”. நீரிழிவும் சேர்ந்தால் பாதம் மரத்து, நோவு தெரியாது. மதிய வெயிலில் கோயில் வீதியை வெறுங்காலோடு சுற்றிவந்து, வீட்டில்தான் கொப்புளத்தைக் காண்போம். அதற்குக் கோப்பித்தூள் அப்பாதீர்கள். சுத்தமான நீரால் கழுவி, மூடிக் கட்டுங்கள். நீரிழிவு உள்ளவர் அன்றைக்கே காட்டவேண்டும். மற்றவர்கள், இரண்டு கிழமையில் மூடிவராத புண்ணோடு வீட்டில் இருக்கவேண்டாம்.

நல்ல செய்தியும் உண்டு. 2005இல் வெளியான ஆய்வில், வாரம் மூன்று நாள் ஒரு மணிநேரம் உடற்பயிற்சி செய்த முதியோரின் காயம் ஏறத்தாழ 29 நாளில் ஆறியது. செய்யாதோருக்கு 39 நாள் சென்றது. நாங்கள் நடக்க ஒழுங்கைகளுக்குக் குறைவில்லை. செருப்போடு நடவுங்கள்.

அடுத்த முறை அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும்போது உங்கள் பாதங்களையும் தாதியிடம் காட்டிவிட்டு வாருங்கள்.