கொச்சை எது? சபாஷ் மீனாவின் ரிக்ஷாக்காரரும் பள்ளிக்கரணைச் சிரிப்பும்

  இந்த அறக்கட்டளையின் நிறுவனர் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். வகுப்பில் கொச்சையாகப் பேசுகிறவனைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துவார் என்று அவருடைய மகன் சற்றுமுன் பெருமையோடு சொன்னார். முகவுரைக்கு அதுவே போதும்.

தலைப்பை வாசித்ததும் முன்வரிசையில் இருவர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். வழக்கு அவர்களுக்குத் தெரியும், அவர்களும் வழக்காளிகள்தான். மெட்ராஸ் பாஷைச் சிரிப்புப் படங்கள் தமிழைக் கெடுத்தன, உழைக்கிறவர்களைக் கோமாளியாக்கின என்பது ஒருவர் கட்சி. அவை விளிம்புநிலை மக்களின் கலகக் குரல், குறை சொல்வதே மேட்டிமை என்பது மற்றவர் கட்சி. இருபது ஆண்டாக இவ்வுரையாளர் இருவரிடமும் சொல்லிவருவது ஒன்றுதான்: கொச்சை என்ற ஒரே சாக்கில் இரண்டு சரக்கைப் போட்டுக் கட்டிவிட்டீர்கள். துறை அறையில் டீ ஆறுவதற்குள் இதைச் சொல்லி முடிக்க ஒருநாளும் வாய்த்ததில்லை. இன்று மைக் இந்தப் பக்கம் இருக்கிறது.

பழைய இலக்கணிகள் இந்தத் தவறைச் செய்யவில்லை. செந்தமிழ் நிலத்துக்கு அப்பால் வழங்கும் சொல்லைத் திசைச்சொல் என்று பெயரிட்டுச் செய்யுளுக்குள்ளேயே விட்டார் தொல்காப்பியர். சபையில் சொல்லக் கூசும் சொல்லை அவையல்கிளவி என்று வேறாக வைத்து, மறைத்துச் சொல்லச் சொன்னார். பின்னால் வந்தவர்கள் அதை இடக்கரடக்கல் என்றார்கள். ஒன்று சொல் எந்த ஊர் என்று கேட்கிறது. மற்றது சொல் எதைக் காட்டுகிறது என்று கேட்கிறது. இரண்டையும் ஒரே பெஞ்சில் ஏற்றி நிறுத்தியது நம் காலத்து வாத்தியார் வேலை.

மெட்ராஸ் பாஷைச் சொற்களிடம் முதல் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நைனா தெலுங்கு. பேஜார், கலீஜ், பேமானி உருது வழியாக வந்தவை. கஸ்மாலம் சம்ஸ்கிருதம், தேர்த்தட்டில் துவண்டு கிடக்கும் அர்ஜுனனைக் கண்ணன் அதட்டும்போது, கீதையின் இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்திலேயே வருகிற சொல். குருட்சேத்திரத்தில் தத்துவம், ரிக்ஷா ஸ்டாண்டில் கொச்சை!

பள்ளிக்கரணையில் நின்று இதைப் பேசுவது பொருத்தம். 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்த ஊர் இது. சதுப்பு நிலத்துக்கு 2022-இல் ராம்சர் தகுதி கிடைத்தது. பறவைகளின் வலசையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். மனிதர்களின் வலசை அதைவிடப் பெரியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று இந்தப் பக்கம் அடுக்குமாடிகளைக் கட்டி, நகரத்துக்குள் கூவக்கரையிலும் பிற இடங்களிலும் இருந்த குடும்பங்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். சாமானோடு பேச்சும் வந்தது. கட்டட வேலைக்குப் பீகார், ஒடிசா, வங்காளத்திலிருந்து வந்தவர்கள் அதன்மேல் தங்கள் பேச்சைப் போட்டார்கள்.

காமாட்சி ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் சாயங்காலம் ஆறரைக்கு ஒரு ஷேர் ஆட்டோ. காலில் சிமெண்டு காய்ந்த இரண்டு பையன்கள் ஏறத் தயங்குகிறார்கள். டிரைவர் திரும்பிப் பார்க்காமலே, "பையா, பீச்சே... ஜல்தி குந்து!" என்கிறார். பூக்கூடைக்காரம்மா கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டு, "தள்ளிக் குந்துப்பா, பூ நசுங்குது" என்கிறார். அந்தப் பையன், "சரிம்மா" என்று தள்ளி உட்காருகிறான். ஜல்தி உருது, குந்து தமிழ். இந்த ஆட்டோவில் கொச்சையாக எதுவும் நடக்கவில்லை. இதே காட்சி படத்தில் வந்தால் தியேட்டர் சிரிக்கும். யாரைப் பார்த்துச் சிரிக்கும் என்பதுதான் இன்றைய கேள்வி.

எடுத்துக்காட்டுக்கு வரலாம். இவ்வுரையாளருக்குத் தெரிந்தது ஒரே படம் என்று சகாக்கள் கேலி செய்வார்கள். ஆமாம், அந்த ஒரே படம் 1958-இல் பி.ஆர். பந்துலு எடுத்த 'சபாஷ் மீனா'.

பார்க்காதவர்கள்கூட அதன் சாயலை 1996-இன் 'உள்ளத்தை அள்ளித்தா'வில் பார்த்திருப்பார்கள். ஊர் சுற்றும் மோகனை, அதாவது சிவாஜியை, திருத்துவதற்காகச் சென்னையில் அப்பாதுரை வீட்டுக்கு அனுப்புகிறார் அப்பா. மோகன் தன் பெயரைக் கொடுத்து நண்பன் சேகரை அங்கே தள்ளிவிட்டுத் தப்பிக்கிறான். அப்பாதுரை எஸ்.வி. ரங்காராவ். சேகர் சந்திரபாபு. அதே ஊரில் சேகரை அச்சில் வார்த்ததுபோல ஒரு ரிக்ஷாக்காரர் இருக்கிறார், அவரும் சந்திரபாபு.

ஒரே முகம், இரண்டு நாக்கு. பங்களாவில் இருக்கிற சேகர் எந்த நேரமும் கயிற்றின் மேல் நடக்கிறான். பெயர் இரவல், அப்பா இரவல். திருத்தமாகப் பேசுகிற அந்தத் தமிழ் அவன் வாயில் இரவல் கோட்டு மாதிரி தொங்குகிறது. ரிக்ஷாக்காரருக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. அவர் பேசுவது அவர் பேச்சு, இழுப்பது அவர் வண்டி. படத்தில் ஆள்மாறாட்டம் செய்கிறவர்கள் எல்லாம் சலவைச் சட்டைக்காரர்கள். முதல் கட்சிக்காரர் காதை மட்டும் கொண்டுபோய்ப் படம் பார்த்ததால், சிரிப்பு அந்தப் பேச்சின்மேல் விழுகிறது என்று நினைத்துவிட்டார். கண்ணையும் கொண்டுபோயிருந்தால் பொய் எந்த வீட்டில் குடியிருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

இரண்டாம் கட்சிக்காரருக்கும் இதே படத்தில் பதில் இருக்கிறது. மக்களின் குரல் என்கிறாரே, எந்த மக்கள்? சந்திரபாபு 1927-இல் தூத்துக்குடியில் கத்தோலிக்க மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா விடுதலைப் போராட்டக்காரர். பிள்ளைப் பருவம் கொழும்பில் கழிந்தது. அங்கிருந்து வந்து திருவல்லிக்கேணியில் குடியேறிய குடும்பம். பந்துலு கோலார்ப் பக்கத்துக்காரர். ரங்காராவ் ஆந்திரா. மீனாவாக நடித்த சரோஜாதேவி பெங்களூரு. மெட்ராஸ் தெருவைத் திரையில் நிறுத்திய கூட்டத்தின் முன்வரிசையில் மெட்ராஸைப் பூர்வீகமாகக் கொண்டவரைத் தேட வேண்டியிருக்கிறது. 1968-இல் 'பொம்மலாட்ட'த்தில் மெட்ராஸ் பாஷையில் பாடி ஊரையே ஆட்டிவைத்த மனோரமாவும் மன்னார்குடியில் பிறந்தவர்.

இதனால் அந்தப் பேச்சு போலியாகிவிடுமா? இங்கேதான் இவ்வுரையாளர் இரண்டு கட்சியிலிருந்தும் விலகுகிறார். உள்ளூர்க்காரன் காதில் தன் பேச்சு விழுவதே இல்லை. வந்து சேர்ந்தவன்தான் பிழைப்புக்காக அதைக் கூர்ந்து கேட்கிறான்; எந்தச் சொல்லைச் சொன்னால் அடி விழும், எதைச் சொன்னால் டீ கிடைக்கும் என்று கற்கிறான். கொழும்பிலிருந்து வந்த பையன் திருவல்லிக்கேணியில் கேட்டதும், பீகாரிலிருந்து வந்த பையன் இந்த ஷேர் ஆட்டோவில் கேட்பதும் ஒரே பாடம். மெட்ராஸ் பாஷையே அப்படி வந்தவர்கள் கூடிக் கட்டிய வீடு. அதில் பேசி நடிக்கும் உரிமைக்கு யாரும் பட்டா காட்ட வேண்டியதில்லை. 1973-இல் தமிழக அரசு கை ரிக்ஷாவை ஒழித்தது. பேச்சு சைக்கிள் ரிக்ஷாவுக்கு மாறி, பிறகு ஆட்டோவில் ஏறிக்கொண்டது.

ஒரு குறையைச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் கேள்வி நேரத்தில் முதல் கட்சிக்காரர் சொல்வார். படம் ரிக்ஷாக்காரருக்குக் கொடுத்த இடம் சேகருக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

நேரம் ஓடுகிறது. சிரிப்பு கீழே இருப்பவர்மேல் மட்டும் விழாத படம் 'சபாஷ் மீனா' ஒன்றல்ல. பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி' நாடகம் 1941-இல் படமானபோதும் எசமான், வேலைக்காரன் இருவருக்கும் பெயர் ஒன்றே, காளி என். ரத்னத்தின் வேலைக்காரன் எவ்வளவு மண்டூகமோ, எசமானும் கிட்டத்தட்ட அவ்வளவே. 

அவையல்கிளவிக்கு வருவோம். கூசவைப்பது எப்போதும் சொல்தானா? 'நம்பள், நிம்பள்' என்று பேசும் அடகுக்கடைச் சேட்டும், டீக்கடை மலையாளியும் பல படங்களில் வாயைத் திறந்ததுமே சிரிப்பாக்கப்படுகிறார்கள். அங்கே கெட்ட சொல் ஒன்றுகூட இருக்காது, பார்வை மட்டும் கெட்டிருக்கும். 2015 முதல் 'த்ரிஷா இல்லனா நயன்தாரா', 'ஹர ஹர மஹாதேவகி', 'இருட்டு அறையில் முரட்டு குத்து' என்று ஆபாசச் சிரிப்புப் படங்களின் அலை ஒன்று வந்ததே, அதில் மெட்ராஸ் பாஷைக்கு என்ன பங்கு? கலீஜ் இருந்தது, ஆனால் அது குப்பத்திலிருந்து வரவில்லை. இதை முதல் கட்சிக்காரர் எண்ணிப் பார்க்கலாம்.

வெளிநாட்டு ஒப்பீடு ஒன்றே ஒன்று. ஆஸ்திரேலியாவில் பால் ஃபெனெக் சிட்னிப் புறநகரின் பீட்சா கடையை வைத்து 2000-இல் 'பீட்சா' தொடரைத் தொடங்கி, 2003-இல் 'ஃபேட் பீட்சா' என்று படமும் எடுத்தார். பல நாட்டிலிருந்து குடியேறியவர்கள், கூசவைக்கும் வசை, எல்லா இனத்தையும் கிண்டல். பீட்சா கொண்டுபோகும் பையனாக நடித்தவரும் அவரே. பிறகு 2011-இல் 'ஹவுசோஸ்', அரசுக் குடியிருப்பில் வாழ்கிறவர்களைப் பற்றி. தொடர்கள் இரண்டும் பல பண்பாட்டு மக்களுக்கென்று அரசு ஏற்படுத்திய எஸ்.பி.எஸ். அலைவரிசையில் வந்தவை. பெரும்பாக்கத்துக்கு அப்படி ஒரு படம் உண்டா? தமிழ்ச் சிரிப்புப் படத்தின் வரைபடம் காசிமேடு, வியாசர்பாடி என்று வடக்கே நின்றுவிட்டது.

அமைப்பாளரின் துண்டுச்சீட்டு வந்துவிட்டது. ஆய்வு மாணவர்கள் செய்ய வேண்டியவை நிறைய. தெருக்கூத்துக் கட்டியக்காரனையும் சந்திரபாபுவையும் சேர்த்து வைத்து யாராவது பார்க்கட்டும். நாகல்கேணித் தோல் தொழிற்சாலைப் பேச்சு, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைப் பேரம், பரங்கிமலை ஆங்கிலோ இந்தியர் தமிழ் மூன்றும் ஒலிப்பதிவாக வேண்டும். மலேசியத் தமிழ்ச் சிரிப்புப் படங்களுக்குத் தனிக் கட்டுரை தேவை. வட இந்தியத் தொழிலாளியைத் தமிழ்ப் படம் காட்டும் விதம் முனைவர் பட்டத்துக்குத் தாங்கும். கண்ணகி நகர்ப் பிள்ளைகள் கைபேசியில் எடுத்துப் போடும் சிரிப்புத் துணுக்குகளை இப்போதே சேகரியுங்கள், அழிந்துகொண்டிருக்கின்றன. ஷேர் ஆட்டோ அகராதிக்கு நாற்பது சொல் இவ்வுரையாளரின் நோட்டில் இருக்கிறது; வேண்டியவர்கள் டீ நேரத்தில் வாங்கிக்கொள்ளலாம்.