31-3ல தோத்த பிறகு என்ன பண்றது?

ஓசூர்ல இருந்து பேசறேன். வார நாள்ல சிப்காட்ல ஒரு கம்பெனியில குவாலிட்டி செக்கிங் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஸ்கூல் பொண்ணுங்களுக்கு ஹேண்ட்பால் கோச்.

ஹேண்ட்பால்னு சொன்னாலே நம்ம ஊர்ல ஒரு குழப்பம் வரும். கைப்பந்துன்னா வாலிபால்னு நினைப்பாங்க, எறிபந்துன்னா த்ரோபால். இது வேற. ஒரு டீமுக்கு 7 பேர், 40 மீட்டர் நீள கோர்ட், பந்தைக் கையில பிடிச்சு மூணு ஸ்டெப்புக்கு மேல ஓடக்கூடாது, கோல் போஸ்ட்டுக்குள்ள எறியணும். ஆசிய விளையாட்டுப் போட்டியில இது முதல்முறையா சேர்ந்ததே 1982ல, நம்ம டெல்லியிலதான்.

போன வருஷம் எங்க பொண்ணுங்களை வெளியூர்ல ஒரு பெரிய டோர்னமென்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். முதல் மேட்ச்லயே 31-3ன்னு தோத்தோம். திரும்பி வர்ற பஸ்ல கிருஷ்ணகிரி தாண்டற வரைக்கும் ஒருத்தரும் வாயே திறக்கல. அடுத்த ஞாயிறு 14 பேர்ல 9 பேர்தான் கிரவுண்டுக்கு வந்தாங்க. ஒரு பொண்ணோட அம்மா, "ஏம்மா, இப்படி அடி வாங்கிட்டு வரவா வெயில்ல அனுப்பறோம்?"னு கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல.

அப்போ தேடிப் படிச்சதுதான் எமர்ஜிங் நேஷன்ஸ் சாம்பியன்ஷிப். சர்வதேச ஹேண்ட்பால் சம்மேளனம், வளர்ந்துட்டு வர்ற ஆண்கள் தேசிய அணிகளுக்காக 2015ல கொசோவோவில் இதை ஆரம்பிச்சது. பெரிய அணிகளுக்கு இதுல இடம் இல்லை. கிட்டத்தட்ட ஒரே லெவல்ல இருக்கிற நாடுகள் தங்களுக்குள்ள ஆடும்.

2015லயும் 2017லயும் ஜெயிச்சது ஃபரோ தீவுகள். மொத்த மக்கள்தொகையே சுமார் 54 ஆயிரம். 2011 சென்சஸ்படி ஓசூர் டவுன்ல மட்டும் 1 லட்சத்து 16 ஆயிரம் பேர். நம்ம டவுன்ல பாதிகூட இல்லாத நாடு! 2019ல ஜார்ஜியா சொந்த மண்ணுல ஜெயிச்சது. இந்த ரெண்டு அணியுமே 2024 யூரோ சாம்பியன்ஷிப்புக்கு முதல்முறையா தகுதி பெற்றன. பெர்லினில் நடந்த மேட்ச்ல, ஹேண்ட்பால்ல பெரிய கையான நார்வேயோட ஃபரோ தீவுகள் 26-26ன்னு டிரா பண்ணினாங்க.

அந்தச் சின்ன டோர்னமென்ட்தான் அவங்களை அங்க கொண்டு போச்சுன்னு நான் சொல்லல. அதுக்குப் பின்னாடி பல வருஷப் பயிற்சி இருக்கு. ஆனா நான் ஒரு கோல்கீப்பர். 31-3 மேட்ச்ல கீப்பர் என்ன கத்துப்பா? எதிர்ல தனியா ஓடி வர்ற ஆளைப் பார்த்துக் கண்ணை மூடிக்கக் கத்துப்பா. ஒரு கோல் வித்தியாசத்துல கடைசி ரெண்டு நிமிஷம் எப்படி ஆடறதுன்னு கத்துக்கணும்னா, முதல்ல அப்படி ஒரு மேட்ச் கிடைக்கணும்.

அதனால நாங்களே ஒண்ணு நடத்தினோம். நாலு டீம். மத்திகிரி, பாகலூர், நாங்க, அப்புறம் பார்டர் தாண்டி அத்திபெலே. ஸ்டேட் டீம் செலக்‌ஷன்ல அந்தப் பொண்ணுங்க கர்நாடகா, நாங்க தமிழ்நாடு. ஆனா பஸ்ல ஏறினா கொஞ்ச நேரம்தான். ஃபேப்ரிகேஷன் ஷாப் வச்சிருக்கிற ஒரு அண்ணன் பழைய பைப்பை வெல்டிங் பண்ணி, 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரத்துல ரெண்டு போஸ்ட் செஞ்சு தந்தார். மண் கிரவுண்ட்ல சுண்ணாம்புப் பவுடர்ல கோடு போட்டோம். ஒரு பக்கம் "போடு", ஒரு பக்கம் "ஹாக்கு", நடுவுல "வெய்யி"ன்னு மூணு பாஷையிலயும் கத்தல்.

கடைசி மேட்ச் அத்திபெலே கூட. 12-11ல தோத்தோம். ஆனா பொண்ணுங்க கிட்ட வந்த மாற்றம் இருக்கே! வீட்டுக்குப் போற வழியெல்லாம் ஒரே சண்டை. "கடைசி பாலை நீ ஏன்டி எறிஞ்சே, எனக்குப் பாஸ் பண்ணியிருக்கலாம்ல?" எனக்கு அந்தச் சண்டை அவ்வளவு பிடிச்சிருந்தது.

நின்னுபோன அஞ்சு பேர்ல மூணு பேர் திரும்பி வந்துட்டாங்க. ரெண்டு பேர் வரல. அதுல ஒருத்தி பிளஸ் டூ முடிச்சு ஒரு கம்பெனியில சேர்ந்துட்டா. ஷிஃப்ட் மாறி மாறி வருது, ஞாயிறு லீவ் நிச்சயம் கிடையாது. அதுக்கு என்கிட்ட வழி இல்லை. ஆனா லீவ் கிடைச்சா, "அக்கா, இன்னைக்கு இருக்கா?"ன்னு மெசேஜ் பண்றா.

"ஈஸியான டீம் கூடவே ஆடினா எப்படி வளருவாங்க?"னு நண்பர் ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. ஃபரோ தீவுகளும் ஒருநாள் நார்வே முன்னாடி நின்னுதான் ஆகணும். நாங்களும் இந்த வருஷம் அதே பெரிய டோர்னமென்ட்டுக்குப் போறோம், பேர் கொடுத்தாச்சு. ஜெயிப்போம்னு பொண்ணுங்ககிட்ட நான் சொல்லல. இந்தத் தடவை பஸ்ல பேசிக்கிட்டே வரணும்னு மட்டும் சொல்லியிருக்கேன்.

உங்க ஊர்ல ஒரு சின்ன டீம் இருந்தா, பக்கத்து ஊர்ல அதே மாதிரி இன்னொரு டீம் இருக்கான்னு முதல்ல தேடிப் பாருங்க.