வயலில் விட்டுவைத்த கதிர்கள்

மோவாபு நாட்டுப் பெண் ரூத்து. கணவரை இழந்து, மாமியார் நகோமியோடு பெத்லகேமுக்கு வந்தவர். அங்கே அறுவடை வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்கினார். ஏழைக்கும் அந்நியருக்கும் வயலோரத்தை விட்டுவைக்கச் சொல்கிறது திருச்சட்டம் (லேவி 19:9-10). வயலின் உரிமையாளர் போவாசு அதோடு நிற்கவில்லை. கட்டிய அரிகளிலிருந்தும் சில கதிர்களை உருவிப் போடுமாறும், அவரை அதட்டக்கூடாது என்றும் வேலையாள்களிடம் சொல்லிவைத்தார் (ரூத்து 2:15-16).

ரூத்தைப் போன்றவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பெற்றோரின் கைபிடித்து அமெரிக்காவுக்கு வந்து, குடியேற்ற ஆவணமின்றி வளரும் பிள்ளைகள் அவர்கள். 1977ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில், இத்தகைய பிள்ளை பள்ளியில் படிக்க ஆண்டுக்கு 1,000 டாலர் கேட்டார்கள். நாடு கடத்தப்படலாம் என்ற அச்சம் இருந்தும் சில பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். 1982இல் உச்ச நீதிமன்றம், நால்வருக்கு எதிராக ஐவர் என்ற கணக்கில், பள்ளிக் கதவை அவர்களுக்கு அடைக்கக் கூடாது எனத் தீர்ப்பளித்தது.

ஆனால் அந்தத் தீர்ப்பு பள்ளியோடு நின்றது. பள்ளிப் படிப்பை முடித்த அந்தப் பிள்ளைக்குக் கல்லூரியில் சேர நடுவண் அரசின் உதவித்தொகை கிடையாது. கல்விக் கடனும் கிடையாது. இங்கேதான் நல்மனத்தோரின் உதவி, அரிக்கட்டிலிருந்து உருவிப் போட்ட கதிராகிறது. சிகாகோவில் இயேசு சபையினரின் லயோலா பல்கலைக்கழகம் 2015இல் அருப்பே கல்லூரியைத் தொடங்கியது. ஈராண்டுப் படிப்பு. ஆவணமற்ற பிள்ளைகளுக்கும் அங்கே இடமளித்தார்கள். நன்கொடையாளர்கள் கட்டணச் சுமையில் பங்கேற்றார்கள். காலை உணவும் மதிய உணவும் கொடுத்தார்கள். பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பது நமக்குத் தெரியாததா?

கல்லூரியின் பெயருக்குரிய அருள்தந்தை பேத்ரோ அருப்பேதான் 1980இல் இயேசு சபை அகதிகள் பணியைத் தொடங்கியவர். நம் தமிழ்நாட்டில், இலங்கையிலிருந்து வந்தோரின் முகாம்களிலும் பிள்ளைகளின் படிப்புக்கு அப்பணி துணைநின்றது. எனவே இது கடல் கடந்த கதை மட்டுமல்ல.

நாமும் பங்கில் கல்வி உதவி கொடுக்கிறோம். ஆனால் எப்படிக் கொடுக்கிறோம்? பிள்ளையின் பெயரை ஒலிபெருக்கியில் வாசித்து, மேடையேற்றி, காசோலையைப் பிடித்தபடி படம் எடுக்கிறோம். அந்தப் படம் வகுப்பு நண்பர்களின் கைப்பேசிக்குப் போவதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கொடுத்த நாம் மறந்துவிடுகிறோம். வாங்கிய பிள்ளையால் மறக்க முடிவதில்லை. போவாசு கதிர்களை வழியில் விழச் செய்தார். ரூத்து அவற்றைத் தம் உழைப்பால் பொறுக்கி, தலைநிமிர்ந்து வீடு திரும்பினார்.

இவ்வாண்டு நம் உதவியைக் கல்லூரிக் கட்டணம் கட்டும் நாளுக்கு முன்பே, ஓசையின்றிச் சேர்ப்போம். அருகில் முகாம் இருந்தால் அங்குள்ள பிள்ளைகளின் பெயரையும் பட்டியலில் எழுதுவோம். அந்நியராக வந்த ரூத்தின் வழிமரபில்தான் நம் ஆண்டவர் பிறந்தார்.

ஆண்டவரே, பெறுபவர் வெட்கப்படாதபடி கொடுக்க எங்களுக்குக் கற்றுத்தாரும். ஆமென்.