மலிவான சிம்மும் விலைமதிப்பான இலக்கமும்

(சென்ற மாசி மாதம் எமது சங்க மண்டபத்தில் நடைபெற்ற ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. வந்திருந்தவர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இப்புத்தாண்டு மலரில் எழுத்து வடிவில் தரப்படுகிறது.)

 

கைத்தொலைபேசிக்கு எந்த சிம் மலிவு, எந்த டேற்றா லாபம் என்று சொல்லும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். "இதுக்கும் ஒரு பேச்சோ?" என்று சிலர் பின்வாங்கில் சிரிக்கிறது தெரியுது. சிரியுங்கோ. ஆனால் கடைசி மட்டும் இருந்து கேளுங்கோ.

நான் 1992 இல் இந்த நாட்டுக்கு வந்தவன். லண்டனில் எங்கட ஆளின்ர கடை ஒன்றில் பல வருசம் நின்றேன். அங்கே அரிசி, மிளகாய்த்தூளை விட ஓடினது ரெலிபோன் காட்தான். ஐந்து பவுண்ஸ் காட்டில் இத்தனை நிமிடம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். அடியில் எறும்பு மாதிரி எழுத்தில் வேறு கதை இருக்கும். அழைப்பு ஒன்றுக்கு இணைப்புக் கட்டணம், நிமிடத்தை மேல்நோக்கி முழுமையாக்கிக் கணக்குப் பார்க்கிறது, வாரம் போனால் பராமரிப்புக் கட்டணம். எழுதியிருந்த நிமிடத்தை நான் ஒருநாளும் முழுசாகக் கதைத்தது இல்லை.

1996 இல், இடம்பெயர்ந்து வவுனியாவுக்கு வந்துசேர்ந்த என் அம்மா, ஒரு கொமியூனிகேஷன் கடையில் எனது அழைப்புக்காகக் காத்திருந்தா. ஒரு வருசத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்கிறேன். "தம்பி எங்கை அம்மா?" என்று கேட்டேன். "அவன்…" என்று தொடங்கினா. காட் முடிஞ்சுது. திரும்ப எடுக்கக் கையில் காசு இல்லை. தம்பி உயிரோடு இருக்கிறான் என்று அறிய எனக்கு எட்டு நாள் எடுத்தது. அந்த எட்டு நாள் கற்றுத்தந்த பாடத்தைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். பெரிய எழுத்தை நம்பி வாங்காதே.

இப்போது காட் காலம் போய்விட்டது. வட்ஸ்அப் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சின்ன எழுத்து போகவில்லை. ஒரு சிம் வாங்க முன் மூன்று கேள்வி கேளுங்கோ.

முதலாவது, எத்தனை நாளைக்கு? பே அஸ் யூ கோ எனப்படும் முற்கொடுப்பனவு சிம்களில் பல, மாதக் கணக்கில் வருவதில்லை. 28 நாள், அல்லது 30 நாள் கணக்கு. 28 நாள் என்றால் ஒரு வருசத்தில் 12 தரம் அல்ல, 13 தரம் காசு கட்டுகிறீர்கள். 10 பவுண்ஸ் பண்டில் என்றால் 120 அல்ல, 130.

அதற்கு மேலே ஓஃபர். ஒரு உதாரணம் சொல்கிறேன். முதல் மூன்று தரம் 5 பவுண்ஸ், பிறகு 10 பவுண்ஸ், 28 நாள் கணக்கு. பக்கத்துக் கடையில் ஓஃபர் ஒன்றும் இல்லாமல் மாதம் 8 பவுண்ஸ். கண்ணுக்கு 5 தான் மலிவு. கணக்குப் பாருங்கோ. முதலாவதுக்கு 15 உம் 100 உம் சேர்த்து வருசம் 115 பவுண்ஸ். இரண்டாவதுக்கு 96. வித்தியாசம் 19 பவுண்ஸ். ஆகவே கிழமைக் கணக்கும் வேண்டாம், மாதக் கணக்கும் வேண்டாம். வருசக் கணக்கில் பாருங்கோ.

இது சின்னக் காசு என்று நினைக்க வேண்டாம். அகதிக் கோரிக்கை முடியாமல், சாப்பாடு கொடுக்கிற ஹொட்டேலில் இருந்த ஒருவருக்கு 2024 தை மாதத்திலிருந்து கிழமைக்கு 8 பவுண்ஸ் 86 பென்ஸ் தான் கிடைத்தது. நாலு கிழமைக்கு 35 பவுண்ஸ் 44 பென்ஸ். அதில் 10 பவுண்ஸ் சிம்முக்குப் போனால், கால்வாசிக்கு மேல் போச்சு. மிச்சத்தில்தான் பஸ், சவர்க்காரம், சப்பாத்து எல்லாம்.

இரண்டாவது கேள்வி, எவ்வளவு டேற்றா உண்மையில் வேணும்? "எனக்கு 50 ஜிபி, அண்ணை!" என்று ஒரு ஐயா பெருமையாகச் சொன்னார். போனைத் திறந்து பார்த்தோம். போன மாதம் அவர் பாவித்தது 2 ஜிபி கூட இல்லை. பத்துப் பேருக்குச் சோறு சமைத்து ஒரு ஆள் சாப்பிடுகிற கதை.

ஒரு ஜிபி என்பது ஏறத்தாழ ஆயிரம் எம்பி. வட்ஸ்அப்பில் முகம் பார்க்காமல் குரலில் மட்டும் கதைத்தால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் அரை எம்பி. தினமும் அரை மணித்தியாலம் ஊரோடு கதைத்தாலும் 28 நாளைக்கு அரை ஜிபி வராது. முகம் பார்த்துக் கதைத்தால் அது பல மடங்கு. படம் பார்க்கிறதுதான் பெரிய பூதம். நெற்பிளிக்ஸ் சாதாரணத் தரத்தில் மணித்தியாலத்துக்கு ஒரு ஜிபி வரை, உயர்தரத்தில் 3 ஜிபி வரை தின்னும். வீட்டில் வைஃபை இருந்தால் படத்தை வீட்டில் பாருங்கோ, சிம்முக்குச் சின்னப் பண்டில் போதும். வைஃபை இல்லாதவருக்குத்தான் பெரிய பண்டில் நியாயம். செற்றிங்ஸில் டேற்றாப் பாவனை என்று ஒரு பக்கம் இருக்கு. அதை மூன்று மாதம் பார்த்துவிட்டுப் பண்டிலைத் தெரிவு செய்யுங்கோ. தெரியாவிட்டால் வீட்டுப் பிள்ளையிடம் கேளுங்கோ.

மூன்றாவது கேள்வி, பண்டிலுக்கு வெளியே என்ன இருக்கு? இதில்தான் அந்த எறும்பு எழுத்து. 0800, 0808 இலக்கங்கள் 2015 யூலையிலிருந்து கைத்தொலைபேசிக்கும் இலவசம். 03 இல் தொடங்குகிற இலக்கம் சாதாரண அழைப்பு மாதிரி, பண்டில் நிமிடத்துக்குள் வரும். 084, 087 அப்படியில்லை. பண்டிலில் ஆயிரம் நிமிடம் இருந்தாலும் தனியாகக் காசு வெட்டும். இலங்கை அழைப்பு இலவசம் என்று எழுதியிருந்தால், எங்கட அம்மாவின் கைத்தொலைபேசிக்குமா, அல்லது வீட்டு ரெலிபோனுக்கு மட்டுமா என்று கேளுங்கோ.

இன்னொன்று. நம்மவர் தொடங்கினது என்பதற்காகக் கணக்குப் பார்க்காமல் வாங்க வேண்டாம். லெபாராவை 2001 இல் தொடங்கியவர்கள் எங்கட தமிழர் மூவர். அவர்களுடைய பெயர்களின் முதல் எழுத்துக்களைச் சேர்த்துத்தான் அந்தப் பெயர் வந்தது. 2006 இல் லைக்காவைத் தொடங்கியவரும் தமிழர். பெருமைப்படுவோம். ஆனால் பெருமை வேறு, பண்டில் வேறு. இப்படியான கொம்பனிகளுக்குச் சொந்தக் கோபுரம் இல்லை. பெரிய வலையமைப்புகளின் கோபுரத்தை வாடகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். ஆகவே எந்தப் பெயரில் வாங்கினாலும், அது ஓடுகிற கோபுரம் உங்கட வீட்டுக்குள் எடுக்குதா என்று முதலில் பாருங்கோ. மலிவாக வாங்கிப்போட்டு மழைக்குள் வெளியே நின்று கதைக்கிற ஆட்களை நான் கண்டிருக்கிறேன்.

சரி, மலிவு பார்த்தாச்சு. இனித்தான் நான் சொல்ல வந்த விசயம்.

எங்கட சங்கத்துக்கு வருகிற ஒரு தம்பி. கெட்டிக்காரன். இரண்டு வருசத்தில் நாலு சிம் மாற்றினான். எங்கே ஓஃபரோ அங்கே ஓடுவான். ஒவ்வொரு தரமும் புது இலக்கம். "முப்பது பவுண்ஸ் மிச்சம் பிடிச்சிட்டன் அண்ணை" என்பான். அகதி அந்தஸ்து கிடைத்தது. வேலையும் கிடைத்தது. வேலைத்தலத்தில், திங்கட்கிழமைக்குள் ஷெயார் கோட் கொண்டு வா என்றார்கள்.

உங்களுக்குத் தெரியும், பிஆர்பி அட்டைகள் 2024 மார்கழி 31 ஆம் திகதியோடு காலாவதியாகின. இப்போது ஈ-விசா. அது இருக்கிறது யூகேவிஐ கணக்குக்குள். உள்ளே போக ஒரு பாதுகாப்பு இலக்கம் கைத்தொலைபேசிக்கு, அல்லது மின்னஞ்சலுக்கு வரும். தம்பியின் கணக்கில் இருந்தது இரண்டாவது சிம்மின் இலக்கம். அவனிடம் இருந்தது நாலாவது சிம். மின்னஞ்சல் முன்பு உதவிசெய்த ஒருவர் திறந்து கொடுத்தது. கடவுச்சொல் ஒருத்தருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை பின்னேரம் என்னிடம் வந்தான். நாங்கள் செய்யக்கூடியதைச் செய்தோம். கணக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் அதற்குள் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. முப்பது பவுண்ஸ் மிச்சம் பிடித்து ஒரு வேலையை இழந்தான்.

இளைஞரைத்தான் குறை சொல்கிறேன் என்று நினைக்காதேங்கோ. என் சொந்த அக்காவின் கதையையும் சொல்கிறேன். வயது எழுபத்தொன்று. வீட்டில் வைஃபை. காலையில் யாழ்ப்பாணம், பின்னேரம் கனடா, வட்ஸ்அப் ஓயாது. "எனக்கேன் ரொப்-அப்? போன் நல்லா வேலை செய்யுதுதானே" என்பா. ஆனால் சிம்மைப் பல மாதம் பாவிக்காமல் விட்டால் கொம்பனி இலக்கத்தை நிறுத்திவிடும். எத்தனை மாதம் என்பது கொம்பனிக்குக் கொம்பனி வேறு. சிம் செத்த பிறகும் வைஃபையில் வட்ஸ்அப் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் இலக்கம் செத்தது அக்காவுக்குத் தெரியவில்லை. கண் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரி அனுப்பிய செய்தி இரண்டு தரம் வரவில்லை. வரவில்லை என்று பேரை வெட்டிவிட்டார்கள். திரும்பவும் டொக்டரிடம் போய், முதலிலிருந்து வரிசை. பிறகு அந்த இலக்கம் வேறொருவருக்குப் போகவும் கூடும். அப்போது எங்கட செய்தி அவருடைய கையில்.

ஆகவே ஓஃபருக்கு மாறுங்கோ, வேண்டாம் என்று சொல்லவில்லை. இலக்கத்தைக் கொண்டு மாறுங்கோ. 2019 யூலையிலிருந்து இது மிகவும் சுலபம். பழைய சிம்மிலிருந்து, பி-ஏ-சி என்ற மூன்று ஆங்கில எழுத்தை 65075 என்ற இலக்கத்துக்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கோ. ஒரு குறியீடு வரும். 30 நாளுக்குச் செல்லுபடி. அதைப் புதுக் கொம்பனிக்குக் கொடுத்தால் அடுத்த வேலைநாள் பழைய இலக்கம் புது சிம்முக்கு வந்துவிடும். அதுவரை பழைய சிம்மை நிறுத்தவும் கூடாது, எறியவும் கூடாது.

பாவனை குறைந்த அம்மாமாருக்கு ஒரு வழி. மாதாமாதம் பறுவத்துக்கு விரதம் பிடிப்பீர்கள்தானே? அன்றைக்கே சிம்மிலிருந்து வட்ஸ்அப் இல்லாமல் ஒரு சாதாரண அழைப்பு எடுங்கோ, அல்லது ஒரு எஸ்எம்எஸ் அனுப்புங்கோ. கொஞ்சக் காசு கணக்கில் இருக்கட்டும். விரதத்தோடு இலக்கமும் காப்பாற்றப்படும்.

ஊருக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2023 இல் அம்மாவின் ஆட்டைத் திவசத்துக்குப் போனேன். டேற்றா ரோமிங்கை நிறுத்த மறந்துபோனேன். கட்டுநாயக்காவில் பெட்டி வருவதற்குள் கணக்கில் இருந்த 15 பவுண்சும் போச்சு. நான் ஒரு வார்த்தை கதைக்கவில்லை, போன் தானாகவே தின்றுவிட்டது. கொன்ராக்ற் என்றால் பில் வீட்டுக்கு வந்திருக்கும். முற்கொடுப்பனவில் உள்ள நன்மை, இருக்கிறதோடு நின்றுவிடும். விமான நிலையத்திலேயே உள்ளூர் சிம் வாங்கலாம். டேற்றாவுக்கு அதைப் பாவியுங்கோ. ஆனால் இந்த நாட்டுச் சிம்மைக் கழற்றி எறியாமல், ரோமிங் டேற்றாவை நிறுத்தி, இரண்டாவது இடத்தில் போட்டு வையுங்கோ. வங்கியின் குறியீடு அதற்குத்தான் வரும்.

கையில் காசே இல்லாதவருக்கு நஷனல் டேற்றாபாங்க் என்று ஒரு திட்டம் உண்டு. குட் திங்ஸ் ஃபவுண்டேஷனும் வேர்ஜின் மீடியா ஓ2 உம் 2021 இல் தொடங்கியது. 18 வயதுக்கு மேற்பட்ட, வருமானம் குறைந்தவர்களுக்கு, பதிவுசெய்த நூலகங்கள், சமூக நிலையங்கள் ஊடாக இலவச டேற்றாச் சிம் கொடுக்கிறார்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். ஆனால் அதுவும் புது இலக்கம்தான். டேற்றாவுக்கு அது, உங்கட பெயருக்குப் பழையது.

இன்று வீட்டுக்குப் போனவுடன் ஒரு வேலை செய்யுங்கோ. யூகேவிஐ கணக்கு, டொக்டர், வங்கி, சட்டத்தரணி, பிள்ளையின் பள்ளிக்கூடம் ஆகிய ஐந்து இடத்திலும் எந்த இலக்கம் கொடுத்திருக்கிறீர்கள் என்று ஒரு கடதாசியில் எழுதுங்கோ. பழைய இலக்கம் இருந்தால் இந்தக் கிழமையே மாற்றுங்கோ. மின்னஞ்சலின் கடவுச்சொல்லை உங்கட கையால் எழுதி, உங்கட வீட்டில் வையுங்கோ. முடியாவிட்டால் சனிக்கிழமை சங்கத்துக்கு வாங்கோ. நான் காலையிலிருந்து இருப்பேன், தேத்தண்ணியும் இருக்கும்.

அன்றைக்கு ஐந்து பவுண்ஸ் காட் முடிஞ்சு, அம்மாவின் சொல் பாதியில் அறுந்தது. அது என் கையில் இல்லை. இன்றைக்கு எங்களைத் தேடி வருகிற அழைப்பு அறுந்துபோகாமல் காக்கிறது எங்கட கையில் இருக்கு. வீட்டை இழந்தோம், முகவரியை இழந்தோம். கிடைத்த இந்தப் பதினொரு இலக்கத்தையாவது இழக்காமல் இருப்போம்.