ரெடிமேட் சுவரா, கொத்தனார் கட்டும் சுவரா?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நம் அடுக்ககத்தில் பலருக்குச் சொந்த ஊர் புளியறை, கற்குடி, செங்கோட்டைப் பக்கம். ஊரில் கிடக்கும் மனையில் சின்னதாக ஒரு வீடு கட்டிவிட வேண்டும் என்ற ஆசையும் அநேகம் பேருக்கு உண்டு. சில மாதங்களாக நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்வி சுற்றி வருகிறது: "சுவரையும் தளத்தையும் தொழிற்சாலையிலேயே வார்த்து, லாரியில் கொண்டுவந்து நிறுத்தி, மூன்று மாதத்தில் சாவி தருகிறேன் என்கிறார்கள். நம்பிக் கொடுக்கலாமா?" செயலாளர் அந்தக் கேள்வியை என் பக்கம் தள்ளிவிட்டார். நான் இன்ஜினியர் இல்லை. பி.காம். படித்துவிட்டு, வங்கியில் வீட்டுக்கடன் கோப்புகளோடு காலம் தள்ளியவன். கட்டடம் எப்படி நிற்கிறது என்பதோடு, பணம் எந்த நாளில் கை மாறுகிறது என்பதையும் சேர்த்துத்தான் எனக்குப் பார்க்கத் தெரியும்.

முதலில் ஒன்று. இது நமக்குப் புதிய சங்கதி இல்லை. கிணற்றுக்கு உறை இறக்குகிறோமே, அது என்ன? வேறு இடத்தில் செய்து, கொண்டுவந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதுதான். கீழடியில் சுடுமண் உறைகிணறு கிடைத்திருக்கிறது. நம் புளியறைப் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளையே பாருங்கள். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை வட்டாரம் திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்தது. அந்த மலையாளத்து வாடை கூரையில் இன்னும் தெரியும். ஆசாரி உத்தரம், மோட்டுவளை, கைமரம் எல்லாவற்றையும் தரையில் வைத்தே அளந்து, துளையும் முளையுமாக அறுத்து, பிறகுதான் மேலே ஏற்றுவார். பூட்டியதைக் கழற்றவும் முடியும். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். கேரளத்து மர வீட்டைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மறுபடி பூட்டி நிறுத்தியிருக்கிறார்கள்.

கான்கிரீட்டில் இதைச் செய்யப் புறப்பட்டபோதுதான் சிக்கல். பிரிவினையில் வந்த அகதிகளுக்கு வீடு வேண்டும் என்று டெல்லியில் 1948-இல் மத்திய அரசு ஒரு வீட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது. ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் என்ற ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் அதன் பின்னணியில் இருந்தார். அங்கே செய்த சுவர்த் தகடுகளில் விரிசல் விழுந்து திட்டம் படுத்தது. தொழிற்சாலை மட்டும் வேறு உருப்படிகள் செய்து பிழைத்தது. பிற்பாடு அதன் பெயர் ஹிந்துஸ்தான் பிரீஃபேப்.

நம் மாநிலத்தில் இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம் இருக்கிறது. சென்னை பெரும்பாக்கத்தில் மத்திய அரசின் 'லைட் ஹவுஸ்' திட்டத்தில் முன்வார்ப்புக் கான்கிரீட்டில் 1,152 வீடுகள் கட்டினார்கள். 2021 ஜனவரி 1-இல் அடிக்கல், 2022 மே 26-இல் திறப்பு. நடுவில் கொரோனா இரண்டாம் அலை வேறு. பதினேழு மாதத்துக்குள் முடிந்தது, மெச்சத்தான் வேண்டும். ஆனால் எண்ணிக்கையைக் கவனியுங்கள். வார்க்கும் அச்சு, கிரேன், யார்டு எல்லாம் கணக்குப் புத்தகத்தில் நிலைச் செலவு. அதை 1,152 வீட்டுக்குப் பங்கு போட்டால் வீட்டுக்கு வருவது கொஞ்சம். உங்கள் ஒற்றை வீட்டின் தலையில் அந்தச் செலவு எவ்வளவு விழும்? "சதுர அடிக்கு இவ்வளவு" என்று சொல்கிறவரிடம், அஸ்திவாரம், லாரி வாடகை, கிரேன், வயரிங், பைப் எல்லாம் அதில் சேர்த்தியா என்று கேளுங்கள். பாதிக்குப் பாதி "அது தனி" என்றுதான் பதில் வரும்.

அடுத்து எடை. பத்தடிக்குப் பத்தடி, அரையடி கனத்தில் ஒரு கான்கிரீட் சுவர்த் துண்டு கிட்டத்தட்ட மூன்றரை டன். எஸ் வளைவில் ஒரு லாரி நின்றாலே அணிவகுப்பு எவ்வளவு தூரம் போகும் என்று நமக்குத் தெரியும். அதைத் தாண்டி வந்தாலும், பத்தடிச் சந்துக்குள், குறுக்கே கரண்ட் கம்பி தொங்க, கிரேன் எங்கே கால் ஊன்றும்? மனையைப் பார்க்காமல் விலை சொல்கிறவரோடு மேற்கொண்டு பேசவே வேண்டாம். இரும்புச் சட்டத்தில் போர்டு அடிக்கும் வகை ஒன்று உண்டு. அதில் எடைத் தொல்லை இல்லை. தட்டினால் வரும் சத்தத்தை உங்கள் வீட்டம்மா ஏற்றுக்கொள்வார்களா என்பதை நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் இணைப்பு. தொழிற்சாலையில் வார்த்த துண்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இயந்திரம் கலக்குகிறது, அளவு பிசகாது. துண்டும் துண்டும் சேருகிற இடத்தை நிரப்புவது மட்டும் நம் மனையில், நம் வெயிலிலும் மழையிலும் நடக்கிறது. லண்டனில் ரோனன் பாயிண்ட் என்று 22 மாடிக் கட்டடம், இப்படிச் சுவர்த் துண்டுகளை அடுக்கிக் கட்டியது. 1968 மே 16 அன்று 18-ஆம் மாடியில் ஒரு சமையலறையில் கேஸ் வெடித்து ஒரு சுவர்த் துண்டு வெளியே தள்ளப்பட்டது. அதை நம்பி நின்ற மூலை முழுக்கச் சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். 1986-இல் அந்தக் கட்டடத்தைப் பிரித்தபோது, பல இணைப்புகளில் கலவை ஒழுங்காக நிரப்பப்படவில்லை என்று தெரிந்தது. பூசி மறைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

நமக்கு இன்னொரு சங்கடம் சாரல். ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் வருகிற காற்று மழையைச் செங்குத்தாகப் பெய்ய விடாது, சுவரில் சாய்த்து அடிக்கும். இணைப்பில் அடைக்கும் பசை சில வருடத்தில் காய்ந்து வாய் பிளந்தால் தண்ணீர் உள்ளே வரும். அந்தப் பசைக்கு எத்தனை வருட உத்தரவாதம், மறுபடி அடைக்க யார் வருவார் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். சுமை தாங்கும் சுவர்த் துண்டில் பிறகு ஜன்னல் வெட்டவோ, காடி எடுத்து வயர் ஓட்டவோ கூடாது. ப்ளக் பாயிண்ட் எங்கே என்பது வரை வார்ப்பதற்கு முன்பே முடிவாகிவிட வேண்டும். கட்டும்போது மனதை மாற்றுகிற பழக்கம் நமக்கு உண்டு, அதனால் சொல்கிறேன்.

இப்போது என் துறைக்கு வருகிறேன். சாதாரணமாகக் கட்டும் வீட்டுக்கு வங்கி எப்படிப் பணம் தரும்? அஸ்திவாரம், லிண்டல், தளம், பூச்சு என்று ஒவ்வொரு கட்டமாக. இன்ஜினியர் வந்து பார்த்துச் சான்று தந்தால்தான் அடுத்த தவணை. வங்கிக்கு அடமானம் உங்கள் மனையும் அதன்மேல் எழுந்து நிற்பதும். ரெடிமேட் வீட்டில் பெரும்பகுதிப் பணத்தை முன்னாலேயே கேட்கிறார்கள். அப்போது உங்கள் வீடு எங்கேயோ ஒரு யார்டில் படுத்துக் கிடக்கிறது. உங்கள் மனையில் அஸ்திவாரம் மட்டும். அடுத்தவர் இடத்தில் கிடக்கும் சுவருக்கு வங்கி எளிதில் பணம் விடாது. அந்த இடைவெளியைச் சேமிப்பில் இருந்து, பி.எஃப். பணத்தில் இருந்து நீங்கள் நிரப்புவீர்கள். நடுவில் அந்த ஆள் கடையை மூடிவிட்டால், கட்டி முடிக்காத வீட்டையாவது வேறொரு கொத்தனார் தொடர்வார். அவருடைய அச்சுக்குப் பொருந்தும் துண்டை வேறு யார் வார்ப்பது?

ஆகவே அட்வான்ஸைக் குறைவாக வையுங்கள். வார்த்த துண்டுகளில் உங்கள் பெயரும் எண்ணும் தேதியும் எழுதச் சொல்லி, போய்ப் பார்த்துவிட்டு ஒரு தவணை. மனையில் இறங்கியதும் ஒரு தவணை. ஒரு மழைக்காலம் கழித்துத் தர ஒரு பங்கைக் கையில் நிறுத்திக்கொள்ளுங்கள். கடன் வாங்குவதாக இருந்தால் ஒப்பந்தம் போடுவதற்கு முன் வங்கியில் கேளுங்கள், பின்னால் அல்ல. முன்வார்ப்புக் கட்டடத்துக்கு ஐ.எஸ். 15916 என்று 2010-இல் வந்த விதிமுறை இருக்கிறது. அதன்படி இணைப்புகளை வடிவமைத்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் கையெழுத்து கண்டிப்பாக வேண்டும்.

கொத்தனார் கட்டும் வீடு மட்டும் யோக்கியம் என்று நான் சொல்லவில்லை. பி.பி.சி. சிமெண்டில் போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தது பத்து நாள் தண்ணீர் விட வேண்டும். மூன்றாம் நாளே வாளியைக் காணோம். சென்ட்ரிங் வாடகை ஏறுகிறது என்று முட்டுகளை அவசரமாகப் பிரிக்கிறார்கள். நீங்கள் வெளியூரில் இருந்துகொண்டு போனில் மேற்பார்வை பார்த்தால் இதுதான் நடக்கும்.

எனக்குப் பிடித்தது இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் ஒரு தள முறையை வகுத்தது. சின்னச் சின்னக் கான்கிரீட் பலகைகளையும் கட்டைகளையும் தரையிலேயே வார்த்து, ஆறிய பிறகு மேலே அடுக்கி, கம்பி வைத்து இடுக்கில் கான்கிரீட் நிரப்புவது. பலகை ஐந்தடிக்கு மேல் நீளம் போகாது, ஓரடி அகலம், இரண்டு பேர் தூக்கிவிடலாம். கிரேன் வேண்டாம், பலகைக்கு அடியில் சென்ட்ரிங் வேண்டாம். சுவர் நம் ஊர்ச் செங்கல்லிலேயே இருக்கட்டும். உங்கள் மனையிலேயே வார்ப்பதால் வங்கி இன்ஜினியர் வந்து எண்ணிப் பார்க்கவும் முடியும்.

ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை மாலை சங்க அறைக்குக் கொண்டு வாருங்கள். மனை வரைபடத்தையும், சந்தின் அகலத்தை டேப் வைத்து அளந்த கணக்கையும் சேர்த்துக் கொண்டுவந்தால் ஒரே உட்காரலில் பார்த்துவிடலாம்.