வேலை பிடித்திருக்கிறதா?



கல்யாண வீட்டிலோ கோயில் திருவிழாவிலோ முன்பின் அறியாத ஒருவரைச் சந்தித்தால் நம்மவர்கள் வழக்கமாக மூன்று கேள்விகள் கேட்பார்கள். எந்தத் தோட்டம்? யார் வீட்டுப் பிள்ளை? என்ன வேலை? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் உறவு தொடங்கிவிடும். ஆனால், "அந்த வேலை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?" என்று நான்காவதாக ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டால் எதிரில் இருப்பவர் சிரித்துவிடுவார். "வேலையில் பிடிப்பது என்ன, பிடிக்காதது என்ன? வயிற்றுக்குச் செய்கிறோம்" என்பார்.

யாரும் கேட்காத அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். தோட்டத்தில் இன்னமும் வேலை செய்கிறவர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், தோட்டம் துண்டாடப்பட்டதால் நகரத்துக்குக் குடிபெயர்ந்து தொழிற்சாலையிலும் லாரியிலும் காவல் வேலையிலும் இருப்பவர்கள், எல்லாரையும் நினைத்தே இதைச் சொல்கிறேன்.

முதலில் நாம் பதில் சொல்லும் விதத்தைக் கவனிப்போம். ஆசிரியரிடம் கேட்டால், "பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன்" என்கிறார். கடைக்காரரிடம் கேட்டால், "கடை வைத்திருக்கிறேன்" என்கிறார். தோட்டத்துப் பாட்டாளியிடம் கேட்டால் என்ன சொல்கிறார்? "பால்வெட்டுத்தான்." அல்லது, "தோட்டத்து வேலைதான், வேறென்ன." அந்தத் "தான்" என்ற சிறு சொல்லைப் பாருங்கள். அதற்குள் ஒரு பெருமூச்சு இருக்கிறது. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்று வாயை மூடிவிடும் சொல் அது.

உண்மையில் சொல்ல ஒன்றுமில்லையா? கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

ரப்பர் மரத்தின் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று உண்டு. கேம்பியம் என்று அதற்குப் பெயர். புதிய பட்டை வளர்வது அதிலிருந்துதான். பால் ஓடும் குழாய்களோ அந்தப் படலத்துக்கு மிக அருகில்தான் நெருக்கமாக இருக்கின்றன. ஆழமாக வெட்டினால் பால் அதிகம் வரும். ஆனால் படலத்தில் கத்தி பட்டுவிட்டால் மரம் காயப்படும், புதிய பட்டை முடிச்சும் மேடுமாக வளரும். மேலோட்டமாக வெட்டினால் மரம் பிழைக்கும், பால் குறையும். ஆகவே படலத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இருக்கும்போது கத்தி நிற்க வேண்டும். சீவி எடுக்கும் பட்டையின் கனமும் ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாகக் கோடு சரிய வேண்டும். இதை அளவுகோல் வைத்துச் செய்ய முடியாது. விடியாத இருட்டில், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், கை அறிய வேண்டும். ஒரு மரம் முடிந்ததும் அடுத்தது. இப்படி ஒரு நிரையில் நூற்றுக்கணக்கான மரங்கள்.

ஏன் அந்த இருட்டில் போக வேண்டும்? பிரட்டுக்கு நேரமாகிறதே என்பதால் மட்டும் அன்று. வெயில் ஏறாத வேளையில் மரத்துக்குள் நீர் நிறைந்து அழுத்தம் கூடுதலாக இருக்கிறது. பால் நன்றாக ஓடுகிறது. வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கினால் அழுத்தம் குறைகிறது, ஓட்டமும் குறைகிறது. பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டில் நிற்காமல் மரத்தில் வழிந்து போகும். இலையுதிர் காலத்தில் விளைச்சல் இறங்கும். இவையெல்லாம் புத்தகத்தில் இருக்கும் தாவரவியல். நம் தாத்தா பாட்டிகள் புத்தகம் இல்லாமலே இதைத் தெரிந்துவைத்திருந்தார்கள்.

இந்தக் கைத்திறனுக்கு ஒரு வரலாறும் உண்டு. 1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு 22 ரப்பர் கன்றுகள் வந்தன. அம்மரத்தின் தாயகமான அமேசான் காடுகளில் அக்காலத்தில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள். மரம் புண்ணாகிவிடும். 1888-ல் சிங்கப்பூர் தாவரப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, ஒரே கோட்டை மீண்டும் மீண்டும் மெல்லச் சீவித் திறந்தால் மரத்துக்குக் கேடு வராமல் பல ஆண்டுகள் பால் எடுக்கலாம் என்று 1890-களில் சோதனை செய்து காட்டினார். 1896-ல் மலாக்காவில் டான் சே யான் என்பவர் ரப்பரை வாணிபப் பயிராக நட்டார். இவ்விருவர் பெயரும் பாடப் புத்தகத்தில் வரும். ஆனால் பூங்காவில் சில மரங்களில் செய்து பார்த்ததை, நாடு முழுவதும் கோடிக்கணக்கான மரங்களில், ஒவ்வொரு விடியலிலும், மரம் சாகாமல் செய்து காட்டிய கைகள் வேறு. அந்தக் கைகளில் பெரும்பங்கு தமிழ்க் கைகள். "பால்வெட்டுத்தான்" என்று நாம் முடித்துவிடுவது இந்த வேலையைத்தான்.

பெண்கள் செய்த இன்னொரு வேலையையும் இங்கே நினைக்க வேண்டும். செம்பனையில் ஆண் பூங்கொத்து வேறு, பெண் பூங்கொத்து வேறு. பல தோட்டங்களில் மகரந்தம் தானாகச் சேராமல் காய் பிடிப்பது குறைந்தது. அதனால் மகரந்தத்தைச் சேகரித்து, உலர்த்தி, முகப்பவுடர் போன்ற தூளோடு கலந்து, பெண் பூ மலர்ந்திருக்கும் ஓரிரு நாட்களுக்குள் அதன்மேல் ஊதிவிட ஆட்கள் வைத்தார்கள். பெரும்பாலும் பெண்கள். எந்தப் பூ இன்று பக்குவமாக இருக்கிறது, எது நாளைக்கு ஆகும் என்று கண்ணால் பார்த்தே சொன்னவர்கள் அவர்கள். கேமரூன் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு சிறு வண்டினம் 1981-ல் தோட்டங்களில் விடப்பட்டது. அந்த வண்டு மகரந்தத்தைத் தானே சுமந்து சென்றது; விளைச்சலும் கூடியது. கையால் ஊதும் வேலை மறைந்தது. "அந்த வேலை உங்களுக்குப் பிடித்திருந்ததா?" என்று அப்பெண்களை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? அது இருந்தபோதும் கேட்கவில்லை, போனபோதும் கேட்கவில்லை.

நேயர்களே, இவ்வளவு நுட்பம் இருந்தால் பால்வெட்டு பிடித்த வேலையாகிவிடுமா? அப்படிச் சொன்னால் நீங்கள் என்னை நம்பமாட்டீர்கள், நம்பவும் கூடாது. கொசுக்கடி உண்டு. பாம்பு உண்டு. தோளை அழுத்தும் பால்வாளி உண்டு. செம்பனைக் காட்டில் நீண்ட கழியில் கட்டிய அரிவாளைத் தலைக்கு மேல் தூக்கிக் குலையை அறுக்கும்போது கழுத்தும் முதுகும் படும் பாடு உண்டு. பல்லாண்டுக் காலம் கூலி நாட்கூலியாகவே இருந்தது. மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் கூலி இல்லை. வீட்டுக்கு வந்த பின்பு அம்மாவுக்கு அடுப்படியில் இரண்டாவது வேலை காத்திருக்கும். இப்படி இருக்கும்போது பிடிக்குமா என்று கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

இங்கேதான் ஓர் ஆராய்ச்சி நமக்கு உதவுகிறது. அமெரிக்க உளவியலறிஞர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்பவர் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் சந்தித்தார். வேலையில் மிகவும் மகிழ்ச்சியாக இருந்த ஒரு சமயத்தையும், மிகவும் வெறுத்துப்போன ஒரு சமயத்தையும் சொல்லுங்கள் என்று கேட்டார். அந்த ஆய்வு 1959-ல் நூலாக வந்தது. அதில் ஒன்றைக் கண்டார். வெறுப்பைப் பற்றிப் பேசியவர்கள் சம்பளம், மேலதிகாரியின் நடத்தை, நிர்வாகத்தின் போக்கு, வேலையிடத்தின் நிலை ஆகியவற்றைச் சொன்னார்கள். மகிழ்ச்சியைப் பற்றிப் பேசியவர்கள் ஒரு காரியத்தைச் செய்து முடித்தது, அதைப் பிறர் மதித்தது, அந்த வேலையே தந்த நிறைவு ஆகியவற்றைச் சொன்னார்கள். அதாவது, நம்மை வெறுக்க வைப்பது ஒரு பட்டியல். நம்மை மகிழ வைப்பது வேறொரு பட்டியல்.

அவர் கேட்டது மேசைமுன் அமர்ந்து வேலை செய்பவர்களை. பால்வெட்டுக்காரர்களை அல்ல. ஆனாலும் அந்த இரண்டு பட்டியலை நம் வீட்டிலும் போட்டுப் பார்க்கலாம். நம்மை அலுக்க வைத்தது மரமா, மரத்தைச் சுற்றியிருந்த நிலைமையா? கத்தி பிடிப்பதா, கத்தி பிடித்தவனை யாரும் மதிக்காததா?

இப்படிப் பிரித்துப் பார்ப்பதால் என்ன பயன்? பயன் உண்டு. முதல் பட்டியலில் இருப்பவை போராடி மாற்றக்கூடியவை. மாற்றியும் இருக்கிறோம். 1951-ல் ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்தது. 1954-ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1955-ல் வேலைச் சட்டம் வந்தது. 1969-ல் சொக்சோ சட்டம் வந்தது. குறைந்தபட்சச் சம்பளம் 2013-ல் தீபகற்ப மலேசியாவில் 900 வெள்ளியாகத் தொடங்கி, படிப்படியாக உயர்ந்து 2025-ல் 1,700 வெள்ளியானது. "அவனுக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது, ஆகவே குறைத்துக் கொடுத்தாலும் செய்வான்" என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. வேலையை விரும்புகிறவனும் முழுக் கூலி கேட்கலாம். கேட்க வேண்டும்.

இரண்டாவது பட்டியல் நம்முடைய சொத்து. அதைச் சங்கமும் தரமுடியாது, சட்டமும் தரமுடியாது. ஆனால் நாமே அதைத் தூக்கி எறிகிறோம். எங்கே எறிகிறோம் தெரியுமா? பிள்ளைகள் முன்னால்.

"ஒழுங்கா படி. இல்லாட்டி என்னைப்போல பால் வெட்டத்தான் போகணும்." இதைச் சொல்லாத வீடு தோட்டத்தில் உண்டா? நல்ல எண்ணத்தில் சொல்கிறோம். நாம் பட்ட பாடு பிள்ளை படக்கூடாது என்று சொல்கிறோம். ஆனால் பிள்ளையின் காதில் அது எப்படி விழுகிறது? அப்பா செய்யும் வேலை ஒரு தண்டனை. படிக்காதவனுக்குக் கிடைக்கும் தண்டனை. அப்பா அந்தத் தண்டனையை அனுபவிக்கிறார். பிறகு இடைநிலைப் பள்ளியில், "உன் தந்தை என்ன வேலை செய்கிறார்?" என்று கேட்டால் பையன் தலையைக் குனிகிறான். குனியச் சொல்லிக் கொடுத்தது யார்?

இதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் தேர்வில் முதலிடம் பெறுவதில்லை. படிப்பில் ஒருவன் பின்தங்கிவிட்டால், அப்பா சொன்ன தண்டனைதான் தனக்கு விதித்தது என்று நம்பிவிடுகிறான். வெல்டிங், மின்சாரம், வாகனம் பழுதுபார்த்தல், குளிர்சாதனம் என்று கைத்திறனால் பிழைக்கும் தொழில்கள் எத்தனையோ இருக்கின்றன. பயிற்சி தரும் அரசாங்கக் கூடங்களும் இருக்கின்றன. ஆனால் கையால் செய்யும் வேலை எல்லாமே இழிவு என்று கேட்டு வளர்ந்தவன் அந்த வாசலுக்கே போகமாட்டான். ஒரு மில்லிமீட்டரில் கத்தியை நிறுத்தத் தெரிந்த தகப்பனின் மகன், தன் கையில் எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டு சும்மா நிற்கிறான்.

ஆகவே பெற்றோர்களுக்கு ஒன்று சொல்வேன். பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள், கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஆனால் உங்கள் வேலையைப் பூச்சாண்டியாகக் காட்டாதீர்கள். அதற்குப் பதிலாக வேலையின் இரண்டு பக்கத்தையும் எடுத்துச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை இப்படிக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

"அப்பா, ஒங்க வேலை ஒங்களுக்குப் பிடிக்குமாப்பா?"

"மழை வந்து கூலி போனா பிடிக்காதும்மா. கங்காணி சத்தம் போட்டா பிடிக்காது. ஆனா காயம் படாம வெட்டி, மங்கு நெறைஞ்சு நிக்கிறதப் பாத்தா மனசுக்கு நல்லா இருக்கும்."

இந்த மூன்று வரியில் அந்தப் பிள்ளை எவ்வளவு கற்றுக்கொள்கிறது! கூலி நியாயமாக இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்கிறது. மனிதனை மனிதன் மரியாதையாக நடத்த வேண்டும் என்று தெரிந்துகொள்கிறது. எந்த வேலையாக இருந்தாலும் அதைத் திருத்தமாகச் செய்வதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது என்றும் தெரிந்துகொள்கிறது. நாளைக்கு வேலை தேடும்போது, "எவ்வளவு சம்பளம்?" என்பதோடு, "அங்கே நாள் முழுக்க என்ன செய்ய வேண்டியிருக்கும்? அது எனக்கு ஒத்துவருமா?" என்றும் கேட்கும். இந்த இரண்டையும் கேட்டுப் போகிற பிள்ளை, ஆறு மாதத்தில் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்காது.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தாத்தாவோ பாட்டியோ இன்னும் இருந்தால், அவர்கள் வெட்டிய மரத்தைப் பற்றிக் கேளுங்கள். கத்தியை எப்படித் தீட்டுவார்கள், முதன்முதலில் யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேளுங்கள். பால்மரக் காடுகள் பல இடங்களில் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறிவிட்டன. அந்த வேலையை அறிந்த கைகளும் மூப்படைந்து வருகின்றன. இப்போது கேட்காவிட்டால் பிறகு கேட்க ஆள் இருக்காது.

இன்று இரவு சாப்பிட உட்காரும்போது வீட்டில் ஒவ்வொருவரும் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். இன்று வேலையில் எது பிடிக்கவில்லை? எது பிடித்திருந்தது? அடுப்படியில் நிற்கும் அம்மாவையும் மறக்காமல் கேளுங்கள். அவர் செய்வதும் வேலைதான். முதல் கேள்விக்குப் பதில் நீளமாக வரும், வரட்டும். இரண்டாவதற்குப் பதில் வரச் சற்று நேரமாகலாம். பொறுமையாகக் காத்திருந்து கேளுங்கள்.